படத்தை வாங்கிப் போனவர்

“பெறுபேறு எதுவும் இல்லை” என்று திரை ஏழாவது தடவையும் சொன்னபோது, நிரோஷா பேனையை எடுத்துக் கொப்பியில் ஏழாவது வரியைக் குறித்துக்கொண்டாள். பாலம்மா, க. பாலம்மா, கணபதி பாலம்மா, திருமதி கணபதி, வெறும் கணபதி, தோட்டத்தின் பெயர், தோட்டத்தின் பெயரோடு டிவிசன் பெயர். ஏழுக்கும் நேரே சின்னதாக ஒரு சைபர்.

தேடுவதில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. கண்டி நகரத்துக் கூரியர் கம்பனி ஒன்றில் பதினாறு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. எங்கேயோ தொலைந்த பார்சலைக் கணினிக்குள் தேடி, எந்த ஊர்க் கிளையின் எந்த அலுமாரிக்கடியில் கிடக்கிறது என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை காலையில், பிலிமத்தலாவை வீட்டு மேசையில், தன் சொந்தத் தாயைத் தேடிக் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

தேடியது ஒரு புகைப்படத்தை. அம்மா பாலம்மாவுக்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரேயொரு படம். நாவலப்பிட்டி நூர் ஸ்டூடியோவில் எடுத்தது. அம்மா தொண்ணூறாம் ஆண்டு நெருப்புக் காய்ச்சலில் போனபோது நிரோஷாவுக்கு ஒன்பது வயது, தம்பி தினேஸுக்கு நான்கு. அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் அந்தப் படம் தேயிலைத் தோட்டத்து வீட்டின் பின்சுவரில் அடுப்புப் புகையேறி மங்கித் தொங்கியது. போன வருடத்து மழையில் மேட்டு மண் இறங்கி அந்தச் சுவரைத்தான் முதலில் கொண்டுபோனது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. தினேஸும் பெண்சாதி பிள்ளைகளும் முதல் நாளே பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போய்விட்டிருந்தார்கள். படத்தை எடுத்துக்கொண்டு போக யாருக்கும் தோன்றவில்லை. மழைக்குப் பயந்து வீட்டைவிட்டு இறங்குகிறவன் அரிசியையும் அடையாள அட்டையையும் எடுப்பான், சுவரைப் பார்க்க மாட்டான்.

இப்போது புது வீடு எழும்பிவிட்டது. தை பத்தாம் திகதி பால் காய்ச்சுவதாக ஏற்பாடு. போன வாரம் தினேஸ் போன் எடுத்தான். நாவலப்பிட்டி ஸ்டேசன் பக்கம் ஓட்டோ ஓட்டுகிறவன், எப்போதும் சவாரிக்கும் சவாரிக்கும் நடுவில்தான் பேசுவான். அன்றைக்கு ஓட்டோவை ஓரங்கட்டிவிட்டுப் பேசினான்.

“அக்கா, ஹோல் சுவத்துல ஆணி ரெண்டு அடிச்சாச்சு. ஒண்ணு அப்பாவுக்கு. அப்பா படம் போன்லயே இருக்கு, பிரேம் போட்டுக்கலாம். மத்த ஆணி சும்மா நிக்கிது.”

“பாப்போம்டா.”

“பாப்போம்னு சொல்லாத. ஒனக்கு அம்மாவத் தெரியும். எனக்கு அம்மான்னா அந்தப் படம்தான். இப்ப மனசுல அந்தப் படமும் மங்கிக்கிட்டு வருது. நேத்து யோசிச்சுப் பாக்குறேன், மூக்குத்தி எந்தப் பக்கம்னு தெரியல.”

“வலது பக்கம்” என்றாள் நிரோஷா. போனை வைத்த பிறகு, சொன்னது சரிதானா என்று அவளுக்கே நிச்சயமில்லாமல் போயிற்று.

அந்த வாரமே, பள்ளிக்கூடப் பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு இணைப்பைப் போட்டிருந்தார்கள். நூர் ஸ்டூடியோக்காரர் காலமாகிவிட்டார். அவருடைய மகள் மஸீனா, அக்குறணை வீட்டில் பெட்டி பெட்டியாகக் கிடந்த நெகட்டிவ்களையெல்லாம் ஸ்கேன் பண்ணி இணையத்தில் ஒரு தரவுத்தளமாக ஏற்றியிருக்கிறார். பதினோராயிரம் படங்கள். யாரும் தேடலாம். நிரோஷா ஒரு புதுக் கொப்பியை எடுத்து முதல் பக்கத்தில் திகதி போட்டுவிட்டுத்தான் தேடத் தொடங்கினாள்.

ஸ்டூடியோவுக்குப் போன நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முன்பல் இரண்டும் விழுந்திருந்த காலம், ஆகவே வயது ஆறு. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நெரிசல் பஸ்ஸில் அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தது. புடவைக் கடைக்கு மேலே, ஏறும்போதே அதிரும் மரப்படி. உள்ளே ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே நூலில் கட்டிய சீப்பு, ஒரு குட்டிக்கூரா பவுடர் டின். வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பவுடரைத்தான் பூசுவார்கள், அந்தச் சீப்பால்தான் வாருவார்கள். ஆம்பிளைகளுக்கு ஒரு கோட் தொங்கியது. பொம்பிளைகளுக்கு ஒரு முத்துமாலை. எங்கேயும் இணைக்கப்படாத ஒரு கறுப்பு டெலிபோன். கீழே ரயில் ஊதினால் ஸ்டூடியோக்காரர், “அசையாதீங்க, ரயில் போகட்டும்” என்பார். ரயில் போகும் வரைக்கும் முழுக் குடும்பமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவள் போட்டிருந்தது மஞ்சள் சட்டை. அதையும் தேடிப் பார்ப்போம் என்று நினைத்த பிறகுதான், பதினோராயிரமும் கறுப்பு வெள்ளை என்பது உறைத்தது.

பக்கத்தின் அடியில், “தேடுவோருக்குச் சில குறிப்புகள்” என்று மஸீனா எழுதி வைத்திருந்தார். முழுப் பெயரையும் தட்டாதீர்கள், முதல் மூன்று எழுத்துப் போதும். திகதி நிச்சயமாகத் தெரிந்தாலும் இரண்டு மாதம் முன்பின் விட்டுத் தேடுங்கள். ‘குறிப்பு’ என்ற பெட்டியையும் மறக்காதீர்கள், வாப்பா மனதில் பட்டதை அதில்தான் எழுதுவார்.

நிரோஷா ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். மூன்று எழுத்துத் தட்டினால் வேறு பாலாக்களும் பாலன்களும் வந்தார்கள். திகதியை அகலப்படுத்தினால் தீபாவளிக் கூட்டம் முழுவதும் வந்தது. குறிப்புப் பெட்டி பெரிய வேடிக்கை. “கண் மூடினது.” “மறுபடி எடுத்தது.” “மாப்பிள்ளை சிரிக்க மாட்டேன் என்கிறார்.” அன்றைக்குத் தினேஸ் விடாமல் அழுதது ஞாபகம் வந்து, “அழுத பிள்ளை” என்று தட்டிப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். நாவலப்பிட்டியில் அழாமல் படமெடுத்த பிள்ளையே இல்லைப் போலும்.

வேறு வழியில்லாமல் அன்று மத்தியானமே மஸீனாவுக்கு ஒரு மடல் எழுதினாள். ஆபீசில் எழுதுகிற மாதிரியேதான் வந்தது.

“அன்புள்ள மஸீனா அவர்களுக்கு, தங்கள் தந்தையாரின் படங்களைத் தேடி எடுக்கத் தாங்கள் செய்திருக்கும் ஏற்பாட்டுக்கு முதலில் நன்றி. நான் தேடுவது என் தாயாரின் படம். எனக்குத் தெரிந்தவற்றைக் கீழே தருகிறேன். ஒன்று, பெயர் பாலம்மா, கணவர் பெயர் கணபதி. இரண்டு, ஆண்டு 1987, தவறினால் 1988. மூன்று, நின்றபடி எடுத்த தனிப்படம். நான்கு, முத்துமாலை போட்டிருந்தார். ஐந்து, அன்று எங்களோடு ஒரு வயதுத் தம்பியும் வந்திருந்தான். இதுவரை செய்து பார்த்த தேடல்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன். எங்கே பிழை விட்டேன் என்று தயவுசெய்து சொல்லவும்.”

மறுநாள் பின்னேரம், வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கையில் போன் அடித்தது.

“நிரோஷா அக்காவா? நான் மஸீனா, அக்குறணையில இருந்து. உங்கட கடிதம் பாத்தேன். இவ்வளவு ஒழுங்கா எனக்கு ஒருத்தரும் எழுதினதில்ல. எல்லாரும் ‘என்ட போட்டோ ஈக்கா’ன்னு ஒரு வரிதான் போடுவாங்க.”

“தொந்தரவு குடுத்திட்டேனோ.”

“அதெல்லாம் இல்ல. ஒன்னு கேக்கணும். நீங்க அம்மாட பேரப் போட்டீங்க, அப்பாட பேரப் போட்டீங்க. சரி. படத்த ஆர் வாங்கிட்டுப் போனது?”

நிரோஷாவுக்குக் கேள்வி விளங்கவில்லை.

“எங்கட வாப்பா கொப்பியில எழுதினது படத்துல நிக்கிற ஆள்ட பேரில்லக்கா. ஒரு கிழமை கழிச்சு படத்த வாங்க வார ஆள்ட பேரு. வாப்பாக்கு வேண்டியது அதுதானே. நானும் அப்பிடியே ஏத்திட்டேன். குறிப்புல அத எழுத மறந்து போச்சு. எனக்குத் தெரிஞ்ச விஷயம், மத்தவங்களுக்குத் தெரியாதுன்னு நெனப்பே வரல.”

பஸ் வந்தது. நிரோஷா ஏறவில்லை. ஒரு பழைய லொறி அவளுடைய ஞாபகத்துக்குள் வளைவு திரும்பி வந்து நின்றது.

தோட்டத்திலிருந்து வார நாளில் டவுனுக்குப் போவதென்றால் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் கூலி, போகும். ஒரு படத்துக்காக இரண்டு தடவை யாரும் இறங்கமாட்டார்கள். ஸ்டூடியோவின் ரசீதுத் துண்டை வாங்கியதும் அதை லொறி ஜெயராஜிடம் கொடுத்துவிடுவார்கள். ஜெயராஜ் தோட்டத்து லொறி டிரைவர், செவ்வாய்க்கிழமை தோறும் சாமான் ஏற்ற டவுனுக்குப் போவார். போகிறவர் எல்லாருடைய துண்டையும் நீட்டி எல்லாருடைய படத்தையும் வாங்கி, வெயில் படாமல் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சொருகிக் கொண்டுவருவார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் லொறி நின்றதும் கூடையை இறக்காமலே பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஒருத்தியின் படம் அவள் கைக்குப் போவதற்கு முன்னால் பத்துக் கை மாறும். “என்னடி, கவர்னர் பொண்டாட்டி மாதிரி நிக்கிற” என்று ஒருத்தி சொல்வாள். “மாலை யாருட்டுன்னு கேளு” என்பாள் இன்னொருத்தி. எல்லாருக்கும் தெரியும், மாலை ஸ்டூடியோவுடையது என்று. இதையெல்லாம் நிரோஷா மறந்திருக்கவில்லை. ஆனால் இது தேடலுக்கு உதவுகிற தகவல் என்று மட்டும் அவளுடைய மூளை எடுத்துக்கொள்ளவில்லை. பார்சலென்றால், பெற்றுக்கொண்டவர் யார் என்றுதான் அவள் முதலில் கேட்டிருப்பாள்.

“ஜெயராஜ்” என்றாள் போனில். “லொறி ஜெயராஜ்னு சொல்லுவாங்க.”

மறுமுனையில் மஸீனா தட்டுகிற சத்தம் கேட்டது. “மாஷா அல்லாஹ். அக்கா, முன்னூத்தி நாப்பது படம் ஈக்குது.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தினேஸ் வந்துவிட்டான். அவன் வருவதற்கு முன்னால் நிரோஷா ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். முன்னூற்று நாற்பதையும் பார்க்கத் தேவையில்லை என்று, ‘தனிப்படம்’, ‘பெண்’ என்று இரண்டு வடிகட்டி போட்டாள். தொண்ணூற்றாறு மிஞ்சியது.

இருவரும் கதிரைகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கி, பார்த்து, அடுத்ததற்குப் போனார்கள். தோட்டமே வந்தது. பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா, இன்னும் நரைக்காத தலையோடு. கோயில் பூசாரியின் மகள், கல்யாணமாகி இந்தியாவுக்குப் போனவள். அடுத்த லயத்து வீட்டு அத்தை. எல்லாருடைய கழுத்திலும் அதே முத்துமாலை.

“இந்த மாலைக்குத்தான் கூடப் படம் இருக்கும் போல” என்றான் தினேஸ்.

“பேசாம பாரு.”

“பாக்குறதுக்குத்தான் நீ இருக்கியே. எனக்கு எல்லாம் யாரோ மாதிரித்தான் தெரியுது.”

தொண்ணூற்றாறாவது படமும் போயிற்று. அதற்கப்பால் இல்லை. நிரோஷா கையை மவுஸிலிருந்து எடுக்காமல் இருந்தாள். தினேஸ் திரையைப் பார்க்கவில்லை, அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்லையாக்கா?”

“தெரியல.”

“இல்லையா, தெரியலையா?”

படம் அங்கே இல்லாவிட்டால் அது ஒரு விஷயம். அம்மா அந்தத் தொண்ணூற்றாறில் ஒருத்தியாக வந்து நின்று, தான் பார்த்தும் பாராமல் அடுத்ததற்குப் போயிருந்தால் அது வேறு விஷயம். தம்பியிடம் எத்தனை வருடமாக, அம்மா இப்படி இருப்பா, அப்படி இருப்பா என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். அவ்வளவும் எங்கேயிருந்து எடுத்துச் சொன்னது என்று இப்போது பயமாக இருந்தது.

தினேஸ்தான் அவளுடைய போனை எடுத்து மஸீனாவுக்கு அடித்தான். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தான்.

“எத்தன பாத்தீங்க?” என்று கேட்டார் மஸீனா.

“தொண்ணூத்தாறு. பொம்பளைங்க தனியா நிக்கிறது மட்டும்” என்றாள் நிரோஷா.

“அதுதான் பிழை. வடிகட்டி எல்லாத்தையும் கழட்டுங்க. முகத்த வச்சுத் தேடாதீங்க, ரோல வச்சுத் தேடுங்க. ஒரு ரோலுக்குப் பன்னெண்டு படம். ஒரு குடும்பம் படியேறி வந்தா அடுத்தடுத்துத்தான் எடுப்பாங்க. மேல ‘வரிசை’ன்னு ஒன்னு ஈக்கும், அதுல ‘ரோல் இலக்கம்’ போடுங்க. ஒருத்தரத் தெரியாட்டியும் பக்கத்துல நிக்கிறவங்களத் தெரியும்.”

நிரோஷா வடிகட்டிகளை நீக்கினாள். படங்கள் இடம் மாறி அடுக்கிக்கொண்டன. இப்போது தனித்தனி ஆட்கள் வரவில்லை. புருஷன், பெண்சாதி, பிள்ளைகள், பிறகு எல்லாருமாக என்று வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நகர்ந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. இருநூற்றுப் பதினாலாம் ரோலின் எட்டாம் படத்தில் ஒரு சின்னப் பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றது. வாய் திறந்திருந்தது. முன்பல் இரண்டும் இல்லை.

“இது நான்” என்றாள்.

அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல் ஒரு பிள்ளை, டெலிபோன் வயரை வாயில் வைத்துக்கொண்டு அழுதது. பிள்ளை விழாமல் இடுப்பைப் பிடித்தபடி, படத்தின் ஓரத்தில் ஒரு பெண் குனிந்திருந்தாள். கழுவித் தந்த படத்தில் அந்த ஓரத்தை வெட்டியிருப்பார்கள். நெகட்டிவில் அவள் முழுதாக இருந்தாள். தன்னை யாரும் எடுக்கவில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நிரோஷா ஒரு படம் பின்னுக்குப் போனாள். ஏழாம் படம். அதே பெண், நிமிர்ந்து, முத்துமாலையோடு, ஸ்டூலின் மேல் இருந்த டெலிபோனில் கை வைத்து, சிரிக்காமல். இதைத்தான் சுவரில் மாட்டியிருந்தார்கள். புகை படியாத இந்த முகத்தை அவள் மறந்தே போயிருந்தாள். அரை மணி நேரத்துக்கு முன்னால் நிரோஷா இதே படத்தை நிறுத்திப் பார்த்தும் இருந்தாள். யாரோ ஒரு குமரி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த அக்காமாரில் ஒருத்தி என்று நினைத்து அடுத்ததற்குப் போய்விட்டாள்.

“இவ்வளவு சின்னப் பொண்ணாடா” என்றாள். “நான் வயசானவ ஒருத்தியத் தேடிக்கிட்டு இருந்திருக்கேன். என் ஆபீசுல இந்த வயசுப் பிள்ளைங்க என்னய ஆன்ட்டிங்குது.”

தினேஸ் கதிரையை முன்னுக்கு இழுத்தான். ஏழாம் படத்தைப் பார்த்தான், எட்டாம் படத்தைப் பார்த்தான், திரும்ப ஏழுக்கு வந்தான். “மூக்குத்தியே இல்லையேக்கா” என்றான்.

“ஆமா. இல்ல.”

“நீ வலது பக்கம்னியே.”

“நீ கேட்டே, நான் சொன்னேன்.”

அவன் சிரிக்கவில்லை. திரையில் விரலை வைத்து, அம்மாவின் தலையிலிருந்து பாதம் வரைக்கும் மெதுவாக இழுத்தான்.

“அம்மா எவ்வளவு உசரம்?”

நிரோஷா யோசித்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கீழேயிருந்து மேலே பார்த்த உயரம். ஆறு வயதில், ஒன்பது வயதில். அது யாருக்கும் கணக்காகாது. “எனக்குப் பெரிசாத்தான் தெரிஞ்சா” என்றாள்.

“அது பத்தாதுக்கா.” தினேஸ் இன்னும் துண்டிக்காமல் கிடந்த போனைப் பார்த்துக் குனிந்தான். “தங்கச்சி, இருக்கீங்களா? அந்த ஸ்டூல் இப்ப எங்க இருக்கும்?”

“அந்த ஸ்டூலா? எங்க போகப் போகுது. என்ட ஸ்கேனர் அதுக்கு மேலதான் ஈக்குது.”

தினேஸ் ஓட்டோச் சாவியைக் கையில் எடுத்துவிட்டான். நிரோஷா கொப்பியையும் கோடு போடும் அடிமட்டத்தையும் எடுத்துக்கொண்டாள். கண்டிக்குள் போகாமல் கட்டுகஸ்தோட்டைப் பக்கமாகச் சுற்றி அக்குறணைக்குப் போய்ச் சேர்ந்தபோது, மஸீனா ஏழாம் படத்தையும் எட்டாம் படத்தையும் பெரிய தாளில் அடித்துக் காயவைத்திருந்தார். ஸ்கேனரைக் கட்டிலில் இறக்கி வைத்துவிட்டு, ஸ்டூலை நடு அறைக்குக் கொண்டுவந்து துடைத்தார். அது ஒரு சாதாரண மர ஸ்டூல். ஒரு காலில் மட்டும் பெயின்ற் போயிருந்தது.

நிரோஷா தாளில் அடிமட்டத்தை வைத்தாள். ஸ்டூல் ஐந்தரை சென்றிமீற்றர். அம்மா பதினாலரை. பிறகு மஸீனாவின் தையல் டேப்பை வாங்கி நிஜ ஸ்டூலை அளந்தாள். இருபத்திரண்டு அங்குலம். கொப்பியில் பெருக்கி, ஒரு தடவை சரிபார்த்து, அடியில் கோடு போட்டாள்.

“ஐம்பத்தெட்டு அங்குலம். நாலடி பத்து.”

“எங்க காட்டு” என்றான் தினேஸ்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலுக்குப் பக்கத்தில், படத்தில் அம்மா நின்ற பக்கத்திலேயே போய் நின்றான். நிரோஷா டேப்பின் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு மற்ற நுனியை அவனுடைய சட்டை வழியே மேலே கொண்டுபோனாள். ஐம்பத்தெட்டு அவனுடைய தோளுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அங்கே அவன் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தான்.

“இவ்வளவுதானா” என்றான்.

“இவ்வளவுதான்.”

“குனிஞ்சுதான் பேசியிருப்பேன்.”

மஸீனா தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வந்து, கோப்பைகளை ஸ்டூலில் வைக்கப் போய், நினைத்துக்கொண்டு மேசையில் வைத்தார். நிரோஷா டேப்பைச் சுற்றத் தொடங்கினாள்.

“சுவத்துக்கு எதப் போடப் போற?” என்று கேட்டாள். “ஏழா, எட்டா?”

தினேஸ் கையை அந்த உயரத்திலிருந்து எடுக்காமலே திரும்பி, காய்ந்துகொண்டிருந்த இரண்டு தாளையும் பார்த்தான்.

“எட்டு” என்றான். “நீயும் பல்லில்லாம அதுலயே நில்லு.”